விலைச்சீட்டும் படைப்பில் சேரும்

1967இல் கொலோன் நகரில் 18 கலைக்கூடங்கள் கூடி நடத்திய விற்பனைதான் இன்றைய சமகாலக் கலைச் சந்தைகளுக்கு முன்னோடி. 1970இல் ஆர்ட் பாசெல் சந்தை தொடங்கியது. 2002இல் அது மயாமி கடற்கரைக்கும் போனது. அருங்காட்சியகத்துக்கு வருபவர் எல்லோரும் பார்வையாளர்கள். சந்தையில், வாங்கக்கூடியவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்று அரங்கில் நிற்பவர் கண்ணாலேயே பிரித்துவிடுவார். நூற்றுக்கணக்கான அரங்குகளைக் கடக்கும் கால்கள் ஒரு படைப்பின் முன் நிற்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளைப் பிடித்து நிறுத்திய பல படைப்புகள் சந்தையையே பாடுபொருளாக்கியவை.

2015இல் மாத்ரித்தின் ஆர்கோ சந்தையில் கியூபக் கலைஞர் வில்ஃப்ரெடோ பிரியெத்தோ பாதி நிறைந்த தண்ணீர்க் குவளை ஒன்றை வைத்தார். விலை 20,000 யூரோ. எனக்கு இது அலுப்பூட்டும் குறும்பு. விலையை எடுத்துவிட்டால் பேச ஒன்றும் மிஞ்சாது.

கலைஞர் மவுரிட்சியோ கட்டெலானின் ‘காமெடியன்’ அப்படியல்ல. 2019 டிசம்பரில் மயாமியில், பெரோடின் அரங்கின் சுவரில் பட்டை நாடாவால் ஒட்டிய வாழைப்பழம்; விலை 1,20,000 டாலர். ஒருவர் அதைப் பிய்த்துத் தின்றார். சிறிது நேரத்தில் வேறு பழம் ஒட்டப்பட்டது, படைப்புக்கு ஒரு குறையும் இல்லை. காரணம், விற்கப்பட்டது பழமல்ல. சான்றிதழும், எந்த உயரத்தில் எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். பழம் அழுகும், பத்திரம் அழுகாது. 2024இல் சோதபீஸ் ஏலத்தில் இதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய பழம் ஒரு நடைபாதை வியாபாரியிடம் 35 சென்டுக்கு வாங்கியது என்று பின்னர் செய்தி வந்தது. கட்டெலான் திட்டமிடாத இந்தத் தகவல்தான் அந்தப் படைப்பில் ஆகக் கூர்மையான பகுதி என்பேன்.

2022இல் அதே மயாமியில் எம்எஸ்சிஹெச்எஃப் கலைக்குழு ஓர் ஏடிஎம் இயந்திரத்தை நிறுத்தியது. அட்டையைச் செருகினால் உங்கள் படத்தையும் வங்கி இருப்பையும் வரிசைப்படுத்தித் திரையில் காட்டும். வெட்கப்படுவார்கள் என்று பார்த்தால், ஆர்வமாகப் போய் அட்டையைச் செருகினார்கள்! அடுத்த ஆண்டு மயாமியின் இன்னொரு சந்தையான ஆர்ட் வின்வுட்டில், ஜெஃப் கூன்ஸின் நீல நிறப் பீங்கான் நாய் ஒன்று பார்வையாளர் கைபட்டு உடைந்தது. இதுவும் ஒரு நிகழ்த்துகலையோ என்று சிலர் நினைத்தார்கள். உடைந்த சில்லுகளை விலைக்குக் கேட்ட சேகரிப்பாளரும் உண்டு. தன்னைப் பார்த்துச் சிரிப்பவரைச் சந்தை விரட்டுவதில்லை, அரங்கு கொடுத்து அழைக்கிறது.

அதன் பொறுமை எங்கே முடிகிறது என்பதை 2018 ஆர்கோ காட்டியது. ‘சமகால ஸ்பெயினின் அரசியல் கைதிகள்’ என்ற, கலைஞர் சந்தியாகோ சியெராவின் படவரிசையில் 24 முகங்கள், எல்லாம் கட்டம் கட்டமாக மங்கலாக்கப்பட்டவை. சிறையிலிருந்த கத்தலான் தலைவர்களும் அவற்றில் இருந்தார்கள். காட்சி வளாகத்தை நடத்தும் நிறுவனம் கேட்டுக்கொள்ள, ஹெல்கா தெ அல்வேயார் கலைக்கூடம் படங்களை இறக்கிவிட்டது. வெற்றுச் சுவரைப் படம்பிடிக்கக் கூட்டம் கூடியது. நான்கு மீட்டருக்கும் உயரமான, ஸ்பெயின் மன்னர் ஃபெலிப்பேயின் உருவத்தோடு மறு ஆண்டே சியெரா திரும்பினார், கலைஞர் எவ்ஹெனியோ மெரினோவும் சேர்ந்துகொண்டார். வாங்குபவர் ஓராண்டுக்குள் அதை எரித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. விலை 2 லட்சம் யூரோ. இம்முறை யாரும் இறக்கச் சொல்லவில்லை. சந்தை பாடம் கற்றுவிட்டது. எரிப்பதையும் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு விதியாக எழுத முடிந்தபோது அதுவும் சரக்குதானே.

இறக்கப்பட்ட அந்தப் படவரிசையை வாங்கியிருந்தவர் தாச்சோ பெனெட் என்ற கத்தலான் ஊடகத் தொழிலதிபர். தடைபட்ட படைப்புகளையே தேடிச் சேர்க்கத் தொடங்கிய அவர், 2023இல் பார்சலோனாவில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார். நுழைவுக்குக் கட்டணமும் வைத்தார்.