இராகமும் இயந்திரத் தாளமும்

சிக்காகோ நடனக்கூடங்களில் எழுபதுகளின் இறுதியில் கருக்கொண்டு எண்பதுகளில் உருப்பெற்ற 'ஹவுஸ்' இசையையும் இந்துஸ்தானி இராக மரபையும் ஒருங்குவைத்துப் பேசுவது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சிடும் முயற்சியாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் 1982இல் எச்.எம்.வி. நிறுவனம் இந்தியாவில் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு அத்தகைய பேச்சை இன்று தவிர்க்கவொண்ணாததாக்கியுள்ளது. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் பணியாற்றிய சரண்ஜித் சிங், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து வாசித்த இசைத்தட்டு அது. றோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னிசைக் கருவிகளே அவருடைய வாத்தியக் குழு: தாளத்துக்கு டி.ஆர்.-808, அடிச்சுரத்துக்கு டி.பி.-303, மேலே ஒலிக்கும் இசைக்கு ஜூப்பிட்டர்-8.

இசைத்தட்டு அன்று விலைபோகவில்லை. 2010இல் ஒல்லாந்து வெளியீட்டாளர் ஒருவர் அதனை மறுபதிப்புச் செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஹவுஸ் இசையின் 'அசிட்' எனும் கிளைக்கு ஊற்றுக்கண் எனப்படும் சிக்காகோ இசைத்தட்டு, பியூச்சர் குழுவினரின் 'அசிட் ட்ராக்ஸ்', 1987இல் வெளிவந்தது. அதிலும் அதே டி.பி.-303. எனவே, சிக்காகோவை ஐந்தாண்டுகள் முந்திய மூலவர் என்ற பட்டம் சிங்குக்குச் சூட்டப்பட்டது.

இப்பட்டத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. சிக்காகோ இளைஞர் இவ்விசைத்தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. கருவி ஒன்றாயிருப்பது மட்டும் கலையை ஒன்றாக்கிவிடாது. 'அசிட் ட்ராக்ஸ்' ஒரு சிறு அடிச்சுரத் தொடரையே மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டு, கருவியின் திருகுகளைத் திருப்பி அதன் ஒலி நிறத்தை மாற்றிச் செல்கின்றது. சிங்கிடம் ஒலி நிறம் பெரிதும் மாறுவதில்லை, மாறுவது சுரக்கோவை. முன்னதில் வளர்வது நாதம், பின்னதில் வளர்வது இராகம். இவ்வேறுபாட்டைக் காணாத பாராட்டு, உள்ளூர்க் கலைஞனுக்கு அயலூரான் முத்திரை குத்திய பின்னரே மதிப்பளிக்கும் பழைய நோயின் புதிய வடிவமன்றி வேறில்லை.

சிங்கின் உண்மையான சாதனை வேறோரிடத்தில் உள்ளது. டி.பி.-303 கிற்றார் அடிச்சுரத்துக்குப் பதிலியாகச் செய்யப்பட்டது. அத்தொழிலில் அது தோற்றது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதற்குண்டு. இராக இசையின் உயிரான 'மீண்ட்' எனும் சுர இழைவுக்கு இயந்திரத்தில் கிடைத்த ஏழை உறவினன் என அதனைக் கூறலாம். லலித் இராகத்தில் பஞ்சமம் இல்லை. இரு மத்திமங்களும் அடுத்தடுத்து வரும். அந்நெருக்கத்தை இக்கருவி தொடும்போது எழும் பதற்றம் செயற்கையானதன்று, இராகத்துக்குள்ளேயே இருப்பது. மாறாக, நம் மோகனத்துக்கு இணையான பூபாலி போன்ற ஐந்து சுர இராகம் இவ்விரைவில் ஏறியிறங்கும் பயிற்சிப் பாடமாகச் சுருங்கிவிடும் இடங்களும் உள.

பெரிய இழப்பு காலத்தில் நேர்ந்தது. வைகறைக்குரிய லலித், முன்னிரவுக்குரிய யமன், நள்ளிரவுக்குரிய மால்கௌன்ஸ் அனைத்தும் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில், ஒரே நான்கடித் துடிப்பில் ஒலிக்கின்றன. ஆலாபனையின் அமைதியும், விளம்பத்தில் தொடங்கித் துரிதத்துக்குச் செல்லும் படிமுறை வளர்ச்சியும் இல்லை.

இது பம்பாய்க்கு மட்டுமுரிய பிரச்சினையன்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியில் பாட்டு மெதுவாகத் தொடங்கிச் சூடேறும்; பொல்லின் ஒலி பாட்டோடு விரையும்; ஆடுவோரின் மூச்சே அங்கு அளவுகோல். வரிப்பத்தான்சேனையிலோ கல்முனையிலோ ஓர் இளைஞன் நாளை அப்பாட்டுக்குத் தாள இயந்திரத்தைப் பூட்டுவானாயின், அவன் முதலில் தீர்க்கவேண்டியது இவ்விரைவுச் சிக்கலையே. இயந்திரம் களைப்பதுமில்லை, சூடேறுவதுமில்லை. மரபு கெட்டதென்று அவனைத் தூற்றுவோரும், நவீனமென்று கைதட்டுவோரும் உடனே தோன்றுவர். இருசாராரும் பாட்டைக் கேட்டிருப்பார்களா என்பது வேறு கதை.

சிங் அச்சிக்கலை முற்றாகத் தீர்த்தார் எனல் மிகை. துடிப்பை அசையாத தரையாக விட்டு, அசைவு முழுவதையும் சுரத்துக்கு ஒப்படைத்தார். சுருதிப் பெட்டி தம்பூராவின் இடத்தில் நிற்பதுபோல, தாளமே இங்கு ஆதாரமாக நிற்கின்றது. சுரவளம் மிக்க இராகங்களில் இது பலித்தது. 2015இல் சிங் மறைந்தார். பத்து இராகங்களையும் ஒரே அமர்வில் கேட்பவர் ஆறாவதில் சலிப்புறக்கூடும். லலித்தை மட்டும் தனியே, விடியுமுன் கேட்டுப்பார்க்கலாம்.