மானுக்குப் பிணை: உமறுவின் காடும் அறபு வேடனின் பாலையும்

சீறாப்புராணத்தின் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒன்றையே சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்: உமறுப்புலவர் அறபு நிலத்தைத் தமிழ் நிலமாக்கிவிட்டார். சரிதான். ஆனால் அந்த மாற்றத்தால் கதைக்கு என்ன நேர்ந்தது? பிள்ளைகள்தான் அதைக் கேட்கிறார்கள். “சேர், பாலைவனத்துல இவ்வளவு காடு எங்கால வந்த?” என்றான் ஒருவன்.

கதை தெரிந்ததுதான். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) பிணை நிற்கிறார்கள். மான் கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் கலிமாச் சொல்கிறான்.

அறபு நாட்டின் கஸால் எங்கட புள்ளிமானைப் போன்றதல்ல. மணல் நிறம், மெலிந்த உடல். குடிக்கத் தண்ணீர் கிடைக்காத இடத்திலும் செடிகளின் ஈரத்தைக் கொண்டு நெடுநாள் தாக்குப்பிடிக்கும். பிடிப்பது இலேசல்ல, அதற்கு ஸலூக்கி நாய், குதிரை, பழக்கிய வல்லூறு எல்லாம் வேண்டியிருந்தன. ஜோர்தானின் கிழக்குப் பாலையில் நீண்ட கற்சுவர்கள், சில கிலோமீற்றர் கணக்கில், ஒடுங்கி ஒடுங்கி ஒரு பட்டியில் போய் முடிகின்றன. மான் கூட்டத்தைத் துரத்தி அடைக்கக் கட்டியவை. 1920களில் மேலே பறந்த விமானிகளுக்கு அவை பட்டம்போலத் தெரிந்ததால் ‘பாலைவனப் பட்டம்’ என்றே பெயர் வந்துவிட்டது. சில ஏறக்குறைய 9000 ஆண்டுகள் பழையவை. பழக்கிய வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்குர்ஆனும் (5:4) ஆகுமாக்குகிறது. வேட்டை என்றால் அங்கே வீட்டுச் சாப்பாடு.

அந்த நிலத்தில் கைக்கு வந்த மானை அவிழ்த்துவிடச் சொன்னால் வேடன் என்ன நினைப்பான்? ஓடினால் ஓடினதுதான். பிணைக்குக் கனம் வருவது அங்கேதான். மலைச்சாரலும் சோலையும் மான் கூட்டமுமாய் உமறு காட்டும் காட்டில், இது போனால் இன்னொன்று என்று அவன் இருந்துவிடலாம். அந்தளவுக்குப் படலத்தின் பாரம் குறைந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆனால் தமிழ் அவருக்கு வேறொன்றைக் கொடுத்தது. பெண்மானும் பிணை, ஜாமீனும் பிணை. அறபியில் கஸாலாவும் கபாலத்தும் வேறு வேறு வேர்கள். இந்த வசதி அங்கே கிடையாது. படலத்தின் தலைப்பிலேயே மானும் வாக்கும் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

லபீதின் முஅல்லக்காவை இதோடு வைத்து வாசிக்கலாம். அதில் கன்றை ஓநாய்களுக்குப் பறிகொடுத்த காட்டுப்பசு, வேடர் ஏவிய நாய்களைக் கொம்பால் குத்தித் தப்புகிறது. உமறுவின் மானுக்குக் கைகொடுப்பது பேச்சு. தாயின் தவிப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இந்தச் சம்பவத்தின் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதைக் காட்டி, படலத்தையே படிப்பிக்க வேண்டாம் என்பவர்களும் எங்கட பக்கம் உண்டு. காப்பியத்தை ஃபிக்ஹுக் கிதாபாக வாசித்தால் வருகிற வில்லங்கம் இது. ஹதீஸின் தரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டுப் பாட்டைப் படிப்பிப்பதில் என்ன தடை?

அந்தக் கற்சுவர்களின் படத்தையும் அதே பாடவேளையில் காட்டுங்கள். பிறகு, தனியே வருவதாகச் சொல்லிப்போன மான் ஏன் கன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.