மூதவையும் பேரவையும்: பல்கலைக்கழக ஆட்சியில் ஆசிரியர் பங்கு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பல்கலைக்கழகச் சுயாட்சி என்னுந் தொடர் ஈழத்துக் கல்வியுலகில் நெடுங்காலமாக வழங்கிவருவது. நெருக்கடி தோன்றும்போதெல்லாம் அது முழங்கப்படுகின்றது. நெருக்கடி தணிந்ததும் மறக்கப்படுகின்றது. யாருடைய சுயாட்சி, யாருக்கான சுயாட்சி என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இலக்கியத் திறனாய்வில் ஒரு படைப்பின் உருவத்தை அதன் உள்ளடக்கத்தோடும், அவ்விரண்டையும் அவை தோன்றிய சமூக உறவுகளோடும் இணைத்து நோக்குகின்றோம். பல்கலைக்கழகச் சட்டங்களும் எழுத்தாவணங்களே. அவற்றின் சொற்றெரிவும் வைப்புமுறையும் குறித்த வர்க்க நலன்களையும் கருத்துநிலையையும் தாங்கியுள்ளன. அந்நோக்கிலே, பல்கலைக்கழக ஆட்சியில் ஆசிரியர் வகிக்கும் பங்கினை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1942ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதற் துணைவேந்தரானார். பேரவை, மூதவை முதலிய அமைப்புகள் ஆங்கிலேய மாதிரியைத் தழுவி இங்கு கொண்டுவரப்பட்டன. அக்காலத்துச் சுயாட்சியைப் பொற்காலமெனப் போற்றுவோர் இன்றும் உளர். ஆனால் அதன் சமூகத் தளம் மிக ஒடுங்கியதாகும். தொடக்கத்தில் மாணவர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. போதனை ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. கலைத்துறைப் பாடங்கள் 1960இலேயே சுயமொழிகளிற் கற்பிக்கப்படலாயின. ஆள்வோரும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினராய் இருந்தமையால், பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் தேவை அரசுக்குப் பெரிதாக எழவில்லை. எனவே அன்றைய சுயாட்சி போராடிப் பெறப்பட்டதன்று. வர்க்க நம்பிக்கையின் பேரில் வழங்கப்பட்டதாகும்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகக் கிராமப்புற இளைஞர் பல்கலைக்கழக வாயிலை எட்டியபோது இந்நிலை மாறிற்று. விரிவாக்கம் சனநாயகத் தன்மை வாய்ந்தது. எனினும் அதனை நிருவகிக்க அரசு தேர்ந்த உருவம் மத்தியமயப்பட்ட பணித்துறை உருவமாயிற்று. 1966ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க உயர்கல்விச் சட்டம் தேசிய உயர்கல்விச் சபையைத் தோற்றுவித்தது. 1972ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவற்றையும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியது. முன்னதை ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் இயற்றியது. பின்னதை இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம் இயற்றியது. இவ்வுண்மையை முற்போக்காளர் மழுப்புதல் தகாது. வளங்களைத் திட்டமிட்டுப் பகிர்தல் வேறு, தீர்மானிக்கும் உரிமையை மேலிடத்திற் குவித்தல் வேறு. முன்னதன் பெயரால் பின்னது நிறைவேற்றப்பட்டது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியதும் இவ்வமைப்பினுள்ளேயே.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமும், 1985ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கத் திருத்தமும் உருவாக்கிய அமைப்பே நமது உடனடி ஆய்வுக்குரியது. அதன் மொழி கூர்ந்து நோக்கத்தக்கது. பேரவை ஆளும் அதிகார பீடமாகவும், மூதவை கல்விசார் அதிகார பீடமாகவும் சுட்டப்படுகின்றன. அறிவு ஒருபுறமாகவும் ஆட்சி மறுபுறமாகவும் இங்கே பிரிக்கப்படுகின்றன. கல்விசார் விடயத்தில் மூதவையின் கருத்தைக் கேளாது பேரவை தீர்மானம் நிறைவேற்றலாகாது என ஒரு வாசகம் காப்பளிக்கின்றது. ஆயின் கேட்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஏற்க வேண்டும் என்பதன்று. மேலும், பணமும் பதவியும் பற்றிய முடிவுகள் கல்வியைப் பாதியாது போவதுமில்லை. ஒரு துறைக்கு எத்தனை ஆசிரியர் என்பது எதனைக் கற்பிக்கலாம் என்பதையும் தீர்மானிக்கின்றது.

அடுத்துத் தொகையைக் கவனிப்போம். துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை தெரிவுசெய்யும் இருவர் ஆகியோர் பேரவையின் உள்ளக உறுப்பினர். இவர்களிலும் ஒருவர் கூடுதலாக வெளியுறுப்பினரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். ஏழு பீடங்கள் உள்ள பல்கலைக்கழகமொன்றில் உள்ளக உறுப்பினர் 10 பேராயின், வெளியார் 11 பேராவர். அந்த ஒருவரிலேயே அமைப்பின் சாரம் அடங்கியுள்ளது.

பீடாதிபதியைப் பீடச் சபை தெரிவுசெய்வது ஆசிரியருக்குக் கிடைத்த மெய்யான உரிமை என்பதை மறுக்கவியலாது. எனினும் மூலச் சட்டத்தின்படி துறைத் தலைவர்களுள் ஒருவரே அவ்வாறு தெரிவுசெய்யப்படலாம். துறைத் தலைவரையோ துணைவேந்தரின் விதந்துரைப்படி பேரவை நியமிக்கும். பேரவை விதந்துரைக்கும் மூவருள் ஒருவரை, ஆணைக்குழுவின் விதந்துரையுடன், சனாதிபதி துணைவேந்தராக நியமிப்பார். கீழிருந்து தொடங்குவதுபோலத் தோன்றும் தெரிவு மேலிருந்து வகுக்கப்பட்ட வட்டத்தினுள்ளே நடைபெறுவதை இதனால் உணரலாம். அவ்வட்டமும் போதாதெனக் கருதப்படுமிடத்துத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை அமர்த்தவும் வழியிருந்தது. 2019இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சனாதிபதியாற் பதவிநீக்கப்பட்டு, அத்தகைய அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே.

பொதுமக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனத்தில் பொதுமக்களின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டுமென்று வாதிக்கலாம். அவ்வாதம் நியாயமானது, அதனை நாமும் ஏற்கின்றோம். ஆயின் அப்பிரதிநிதிகள் யாவர்? கல்வி, உயர்தொழில், வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிருவாகம் ஆகிய துறைகளிற் சிறந்த சேவை புரிந்தோரையே சட்டம் கருதியது. மாணவர்களுட் கணிசமானோரின் பெற்றோர் விவசாயிகள், மீனவர், தொழிலாளர். தொழிற்சங்கத்துக்கோ கூட்டுறவுக்கோ அப்பட்டியலில் தனியிடம் இல்லை. பொதுமக்கள் என்ற பெயரில் இடம்பெறுவது ஒரு வர்க்கமேயாகும்.

இத்துடன் விமரிசனத்தை நிறுத்திக்கொள்வது அரைகுறைப் பணியாகும். ஆசிரியர் சமூகமும் ஒருபடித்தானதன்று. மூதவையில் பேராசிரியர் யாவரும் பதவிவழி அமர்கின்றனர். பெருந்தொகையினரான ஏனைய விரிவுரையாளருக்குப் பீடத்துக்கு இருவரே பிரதிநிதிகள். தற்காலிக விரிவுரையாளர் கற்பித்தற் சுமையைத் தாங்குவோராயினும் வாக்கற்றவர். பீடச் சபையில் மாணவர் இருவருக்கு இடமுண்டு; பேரவையில் அவர்களுக்கு ஆசனமில்லை. கல்விசாரா ஊழியரின் நிலையும் அதுவே. இவற்றைக் கேள்விக்குட்படுத்தாது சுயாட்சி கோருவது, பழைய கைவினைக் குழாங்கள் தம் சலுகையைக் காத்தமை போன்றதாகிவிடும். 1918இல் ஆர்ஜென்டீனாவின் கோர்டோபா நகரில் எழுந்த மாணவர் இயக்கம் எதிர்த்ததும் இத்தகைய பேராசிரியர் ஆதிக்கத்தையே. ஆசிரியர், மாணவர், பட்டதாரிகள் ஆகியோர் கூடி ஆளும் முறை லத்தீன் அமெரிக்காவிற் பரவியதற்கு அவ்வியக்கமே கால்கோளிட்டது.

நம் நாட்டிலும் அதற்கான வித்து இல்லாமலில்லை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளக் கோரிக்கையுடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டுமென்பதும், அரசியற் தலையீடு நிறுத்தப்படவேண்டுமென்பதும் அதில் முன்வைக்கப்பட்டன. ஆசிரியரின் தொழில் நலன் பாடசாலைப் பிள்ளைகளின் நலனோடு இணைக்கப்பட்டபோதே அப்போராட்டம் பரந்த ஆதரவைப் பெற்றது.

ஆசிரியர் பங்கேற்பு எனும்போது நாம் கருதுவது ஆசனங்களின் எண்ணிக்கையை மட்டுமன்று. பேரவைக்குச் செல்வோர் அனைத்து ஆசிரியராலும் நேரடியாகத் தெரிவுசெய்யப்படுதல், அங்கு எடுக்கப்படும் முடிவுகளைப் பீடச் சபைகளில் விளக்கக் கடமைப்படுதல், தற்காலிக ஆசிரியரும் மாணவரும் ஊழியரும் குரல் பெறுதல், வெளியுறுப்பினர் உழைக்கும் மக்களிடையிருந்தும் வருதல் ஆகியன குறைந்தபட்சத் தேவைகள். சட்டத் திருத்தம் இன்றியமையாதது. எனினும் திருத்தம் வரும்வரை காத்திருத்தல் அவசியமன்று. இன்றுள்ள பீடச் சபைகளிலேயே இவ்விவாதத்தைத் தொடங்கலாம். தொடங்கும் பொறுப்பும் ஆசிரியருடையதே.