கல்வானில் துப்பாக்கி இல்லை, அதனால் ஒரு ஸ்டார்

ஃபௌ-ஜி என்று ஒரு மொபைல் கேம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வந்த வேகத்தில் மறந்துபோன சமாச்சாரம். இப்போது எதற்கு அதைத் தோண்டுகிறாய் என்றால், மரக்காணத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன்தான் காரணம். அவன் அந்த கேமுக்கு ஒரு ஸ்டார் போட்டவன். அன்றைக்கு அவனோடு போனில் சண்டை போட்டவன் நான். யார் சொன்னது சரி என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு முழுசாகத் தெளியவில்லை. அதனால் இந்தக் குறிப்பு.

முன்கதை சுருக்கமாக. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது, அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. இரண்டே நாளில், செப்டம்பர் 4-ஆம் தேதி, அக்‌ஷய் குமார் ஃபௌ-ஜியை அறிவித்தார். பெங்களூரின் என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. நிகர வருமானத்தில் 20 சதவீதம் 'பாரத் கே வீர்' நிதிக்குப் போகும் என்றார்கள். 2021 குடியரசு தினத்தன்று வெளிவந்தது. தம்பி அப்போது பன்னிரண்டாவது. பப்ஜி போன துக்கத்தில் இருந்த பையன் காலையிலேயே டவுன்லோட் பண்ணி, மதியத்துக்குள் ஸ்டாரும் போட்டுவிட்டான்.

"ஒரு துப்பாக்கி கூட இல்லண்ணா. வெறும் அடிதடி. இதுக்காடா இவ்ளோ பில்டப்பு!"

உண்மைதான். வெளியான அன்று ஃபௌ-ஜியில் இருந்தது ஒற்றை ஆள் ஆடும் கல்வான் கதை மட்டும். கையாலும் தடியாலும் அடிக்கலாம், தடுக்கலாம். நான் அவனிடம் சொன்னது: "டேய், கல்வான்ல யாரும் சுடலடா. அதுதான் நெஜம். நீ கேக்கறதுதான் பொய்." எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் சுடக்கூடாது என்று 1996-இல் இரு நாடும் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த இரவில் நடந்தது கல்லும் இரும்புத் தடியும் கைகளும்தான். நம் பக்கத்தில் 20 பேர் போனார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. அவருக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரி 25 மாலை. கேம் வந்தது மறுநாள் காலை. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்த வரியில் குறித்து வைத்திருக்கிறேன், ஏனோ அழிக்க மனசு வரவில்லை.

ஆக, வாதம் எனக்குச் சாதகமாக இருந்தது. யதார்த்தமான கேமை மக்கள் நிராகரித்துவிட்டார்கள், மாஸ் கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்று முடித்துக்கொண்டேன். டாக்டிகல் ஷூட்டர் ஆடுகிற கூட்டத்தில் இது பழைய புலம்பல். 1998-இல் வந்த முதல் ரெயின்போ சிக்ஸில் கதவை உடைப்பதற்கு முன் வரைபடத்தில் கோடு போட்டுத் திட்டம் தீட்டுவதற்கே அரை மணி போகும். ஒரு குண்டு பட்டால் ஆள் காலி, அடுத்த மிஷனிலும் அவன் வரமாட்டான். 2015-இல் வந்த ரெயின்போ சிக்ஸ் சீஜில் ஆளுக்கொரு வித்தைக் கருவி, கோடிக்கணக்கில் ஆட்டக்காரர்கள். முதலாவதை ஆடியவர்கள் இரண்டாவதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான்.

பிறகு ஃபௌ-ஜியை நானே உட்கார்ந்து ஆடினேன். விமர்சனம் எழுதுபவன் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

எதிரிகள் ஒவ்வொருவராக, இரண்டு இரண்டு பேராக வருகிறார்கள். நம் ஆள் அடிக்கிறான், விழுகிறார்கள், அடுத்தவன் வருகிறான். பழைய விஜயகாந்த் பட கிளைமாக்ஸ் மாதிரி மற்றவர்கள் முறை வரும்வரை நின்று கொண்டிருக்கிறார்கள். அடி பட்டால் குளிர்காயும் நெருப்புப் பக்கத்தில் போய் நின்றால் உடம்பு சரியாகிவிடும். 14,000 அடி உயரத்தில் பத்து அடி ஓடினாலே மூச்சு வாங்கும். நம் ஆளுக்கு வாங்கவில்லை. கீழே உறைபனி ஆறு ஓடுகிற இடம் அது. விழுந்துவிடுவோமோ என்கிற பயம் எந்த இடத்திலும் வரவில்லை. துப்பாக்கி இல்லை என்கிற ஒரு தகவலை மட்டும் கல்வானிலிருந்து எடுத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் சினிமாவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தம்பி போட்ட ஒரு ஸ்டாருக்குக் காரணம் தப்பு, ஆனால் ஸ்டார் சரி.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பப்ஜி. நூறு பேரை விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கவிட்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் ஒருவன் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்ளவிடுவது. உலகத்தில் எங்கும் நடக்காத, நடக்கமுடியாத கதை. ஆனால் அதன் பாட்டன் முப்பாட்டனைத் தேடிப் போனால் அசல் ராணுவ சிமுலேஷனில் போய் முட்டுவோம். செக் நாட்டு பொஹிமியா இன்டராக்டிவ் 2001-இல் ஆபரேஷன் ஃபிளாஷ்பாயிண்ட் செய்தது, அதன் வழியில் ஆர்மா வரிசை வந்தது. அதே தொழில்நுட்பத்தில் பிறந்த விபிஎஸ் என்கிற மென்பொருளில் அமெரிக்க மெரைன்களே பயிற்சி எடுத்தார்கள். ஆர்மா 2-க்கு நியூசிலாந்து ராணுவத்திலிருந்த டீன் ஹால் 2012-இல் டேஇசட் என்ற மாடை எழுதினார். அதன் மேல் அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் பேட்டில் ராயலை எழுதினார். 2017 மார்ச்சில் அவர் பெயராலேயே பப்ஜி வந்தது, அடுத்த வருஷம் மொபைலுக்கு. ஜியோ வந்து டேட்டா விலை விழுந்திருந்த நேரம், ஈசிஆர் ஓரத்துக் குப்பங்கள் வரை நுழைந்துவிட்டது.

வழியில் எதையெல்லாம் உதிர்த்தது, எதை வைத்துக்கொண்டது என்பதுதான் எனக்கு சுவாரசியம். ஆர்மாவில் இருபது நிமிஷம் நடந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குண்டில் செத்துப்போவது சகஜம். பப்ஜி அந்த நடையை வட்டத்தால் சுருக்கியது. மொபைல் பப்ஜி இன்னும் இறங்கி வந்தது. குறி வைக்க உதவி செய்யும், பொருளைத் தானே பொறுக்கிக்கொள்ளும், காலடிச் சத்தத்தை மினி மேப்பில் படமாகவே காட்டிவிடும். கணினிக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் இதை தம்பி விளையாடும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஹெட்செட் கிடையாது. பக்கத்தில் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. காதால் கேட்கவேண்டியதைக் கண்ணால் பார்க்கவிட்டதுதான் அவனை ஆட்டத்துக்குள் சேர்த்தது. இதை யதார்த்தத்துக்குச் செய்த துரோகம் என்று சொல்கிறவர், ஒரு லட்ச ரூபாய் கணினியும் அமைதியான அறையும் தனக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வைத்துக்கொண்டது என்ன? தூரம் போகப்போகத் தாழும் குண்டு. திறந்தவெளியில் ஓட பயம். ஒரு தப்பு பண்ணினால் அரை மணி உழைப்பு போய்விடும் என்கிற பதற்றம். துப்பாக்கி மாடல் எத்தனை துல்லியம் என்பதைவிட, எடுத்த முடிவுக்கு என்ன விலை என்பதுதான் 'நெஜமா இருக்கு' என்று நம்மைச் சொல்லவைக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஃபௌ-ஜியில் எந்த முடிவுக்கும் விலை இல்லை. தம்பி துப்பாக்கி கேட்டபோது உண்மையில் கேட்டது அந்த விலையைத்தானோ என்னவோ. கம்பெனிக்காரர்கள் அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2021 ஜூனில் துப்பாக்கியோடு டீம் டெத்மேட்ச் சேர்த்தார்கள். கல்வானில் இல்லாத துப்பாக்கி கேமுக்கு வந்தது. அப்புறமும் யாரும் திரும்பி வரவில்லை, ஏனென்றால் அடுத்த மாதமே, ஜூலை 2-இல், பிஜிஎம்ஐ என்ற பெயரில் பப்ஜி திரும்பிவிட்டது. ரத்தம் பச்சை, 'கில்' என்ற சொல்லுக்குப் பதில் 'ஃபினிஷ்', பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான், தொடங்குமுன் இது நிஜ உலகம் அல்ல என்று ஓர் அறிவிப்பு வேறு. அதையும் 2022 ஜூலையில் எடுத்தார்கள், 2023 மே மாதம் திரும்பக் கொண்டுவந்தார்கள். பச்சை ரத்தத்தைப் பற்றி தம்பி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ரத்தத்தைப் பற்றிக் குறை சொல்வது வேறு ஊர்க்காரர்கள். ரெடி ஆர் நாட் என்கிற கடுமையான போலீஸ் ஷூட்டர் 2025 ஜூலையில் கன்சோலுக்குப் போனபோது, சில காட்சிகளைத் தணித்தார்கள். கணினியிலும் அந்த மாற்றம் வந்ததும் ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்களைக் கொட்டினார்கள். மாஸுக்காக யதார்த்தத்தை விற்றுவிட்டார்கள் என்று கோபம். காசு கொடுத்து வாங்கியதைப் பின்னாளில் மாற்றினால் கோபம் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த கேமின் யதார்த்தம் துண்டாகும் கையிலா இருக்கிறது? எதிரே நிற்பவன் ஆயுதத்தைக் கீழே போடுவானா மாட்டானா என்று கத்திவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு விநாடியில் இருக்கிறது. 2005-இல் வந்த ஸ்வாட் 4-இலேயே இது உண்டு. அவசியமில்லாமல் சுட்டால் மதிப்பெண் போய்விடும். ஷூட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு சுடாதே என்று சொன்ன கேம். எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

பார்வைக்கு யதார்த்தமாக இருப்பதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீரில் நடக்கும் தாக்குதல் என்று சில இந்தியத் தொலைக்காட்சிகள் ஆர்மா 3 காட்சியை ஒளிபரப்பின. 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நேரத்திலும் அதே ஆர்மா வீடியோக்கள் சுற்றின. சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கும் ஒன்று வந்தது. அவர் அதை உப்பு லாரி ஏற்ற வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்க, தம்பி எட்டிப்பார்த்து, "அப்பா, இது கேம்" என்றான். "உனக்கு எல்லாமே கேமுதான்டா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். பொஹிமியா நிறுவனமே 2022 நவம்பரில் போலியைக் கண்டுபிடிக்கும் வழிகளை வெளியிட்டிருந்தது: மங்கலான படம், ஆடும் கேமரா, இருட்டு, சத்தமின்மை, நடமாடும் மனிதர்கள் இல்லாதது. படம் எவ்வளவு மோசமோ அவ்வளவு நிஜமாகத் தெரிகிறது, மனிதன் வந்தால் மாட்டிக்கொள்கிறது. ஃபௌ-ஜி மாட்டிக்கொண்டதும் அங்கேதான். குண்டு பறப்பதைக் கணக்குப் போடலாம். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இருட்டில் கட்டிப்பிடித்து உருளுவதை, அந்த பயத்தோடு, எந்த இன்ஜினும் இன்னும் எழுதவில்லை.

போன சீசனில் மரக்காணம் போயிருந்தேன். விடியுமுன் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் கண் கூசும் என்று எல்லாரும் கரையேறிவிட்டார்கள். பாத்திகள் ஒரு மைலுக்கு வெள்ளையாகக் கிடந்தன. தூரத்து வரப்பில் நடந்துவரும் ஒருவரை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் வந்து சேரவே இல்லை. மறைய ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. தெற்கே கழுவேலி, வடக்கே போனால் இடிந்த ஆலம்பரைக் கோட்டை, நடுவில் இந்த வெட்டவெளி. இதை அப்படியே மேப்பாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

தம்பி யோசிக்கவே இல்லை. "எவனும் ஆடமாட்டாண்ணா. எல்லாரும் பாம்பு மாதிரி வரப்போரமா படுத்தே கெடப்பான். மொதல்ல எழுந்தவன் செத்தான்."

"அதான நெஜம்?"

"நெஜம்தான். அதுக்கு எதுக்கு கேமு? இங்கயே படுத்துக்கலாமே." பிறகு போனைச் சட்டை நிழலில் மறைத்துப் பிடித்துப் பார்த்தான், சூட்டில் அணைந்திருந்தது. வரப்பில் வந்தவர் அப்போதுதான் சித்தப்பா என்று தெரிந்தது. கையில் டீ வாளி.