குடும்ப நேரம்: தொலைக்காட்சி விதியும் படைப்பு மதிப்பீடும்

முன்னுரை

தமிழ் அகமரபில் பொழுது முதற்பொருளாகும். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம் என அது உரிப்பொருளோடு இயைந்து நிற்கும். தொலைக்காட்சியிலோ பொழுது புறத்தேயிருந்து விதிக்கப்படுகிறது. மாலைப்பொழுதைக் குடும்பத்திற்கென ஒதுக்கிய 1975ஆம் ஆண்டின் அமெரிக்க விதியை மையமாகக் கொண்டு, ‘குடும்பத்திற்கு ஏற்றது’ என்னும் அளவுகோலின் தகுதியை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதியின் தோற்றம்

தொலைக்காட்சி வன்முறை, பாலியல் காட்சிகளிலிருந்து சிறுவரைக் காக்கும் வழிகள் குறித்து அறிக்கை தருமாறு, 1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையத்தைப் பணித்தது. ஆணையத் தலைவர் ரிச்சர்ட் வைலி, ஏபிசி, சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களின் தலைவர்களோடு கலந்து பேசினார். இதன் விளைவாக ஒலிபரப்பாளர் தேசியச் சங்கம் தன் நெறித்தொகுப்பைத் திருத்தியது. 1975 செப்டம்பர் முதல், நியூயார்க் நேரப்படி இரவு 7 மணி முதல் 9 மணி வரை குடும்பப் பார்வைக்கு ஒவ்வாத பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் விலக்கப்பட்டன. அரசாணை ஏதும் பிறப்பிக்கப்படவில்லை. வெளித்தோற்றத்தில் அது ஒளிபரப்பாளர்கள் தாமே ஏற்ற கட்டுப்பாடு.

குடும்ப நேரமும் குடும்பக் கதையும்

நார்மன் லியரின் ‘ஆல் இன் த ஃபேமிலி’ 1971இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர். நிறவெறி, போர், பெண்ணுரிமை ஆகியவை பற்றி ஆர்ச்சி பங்கர் என்னும் தொழிலாளியும் அவன் மருமகனும் வீட்டுக் கூடத்தில் இடும் வாக்குவாதமே அதன் உயிர்நாடி. சனிக்கிழமை 8 மணிக்கு ஒளிபரப்பான இத்தொடர், விதி வந்ததும் திங்கட்கிழமை 9 மணிக்கு மாற்றப்பட்டது. குடும்பத்தைத் தலைப்பிலும் பொருளிலும் கொண்ட படைப்பே குடும்ப நேரத்திலிருந்து வெளியேறியது. மேலும், நியூயார்க்கில் 9 மணிக்குரியதாகக் கருதப்பட்டது, நேர மண்டல வேறுபாட்டால் சிகாகோவில் 8 மணிக்கே காட்டப்பட்டது. இவ்விதியின் எல்லைக்கோடு சிறுவரின் உறக்க நேரத்தைவிட ஒளிபரப்பு அட்டவணையையே சார்ந்திருந்தது என்பது இதனால் புலனாகும்.

நீதிமன்றத் தீர்ப்பு

எழுத்தாளர் சங்கமும் லியரும் பிறரும் தொடுத்த வழக்கில், 1976 நவம்பரில் நீதிபதி வாரன் ஃபெர்குசன், ஆணையத்தின் மறைமுக அழுத்தம் பேச்சுரிமைக்கு மாறானது எனத் தீர்த்தார். ஒளிபரப்பாளர் தம் விருப்பில் இத்தகைய நேரத்தைக் கடைப்பிடிப்பதை அவர் தடுக்கவில்லை. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கு முதலில் ஆணையத்தின் முன் சென்றிருக்க வேண்டும் என்று கூறி அத்தீர்ப்பை நீக்கியது. ஆயினும், விதியை வகுப்பவர் யார் என்று அவர் எழுப்பிய வினா இன்றும் பொருளுடையது.

இந்தியச் சூழல்

சிறுவர் மிகுதியாகப் பார்க்கும் வேளையில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சி கூடாது என 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் கூறுகின்றன. மணிக்கணக்கை அவை குறிக்கவில்லை. 2011இல் ஒளிபரப்பாளரின் தன்னொழுங்கு நெறிகள், கட்டுப்படுத்தப்பட்ட வகை நிகழ்ச்சிகளுக்கு இரவு 11 முதல் காலை 5 வரை என வரையறுத்தன. பெற்றோர் எப்போதும் உடனிருக்க இயலாத வீடுகளில் இத்தகைய வேலி பயனுடையதே. எனினும், மாமியார் மருமகள் பகையையும் சூழ்ச்சியையும் நாள்தோறும் வளர்க்கும் தமிழ் நெடுந்தொடர்கள் இவ்வேலிக்குள்ளேயே மாலை முழுதும் இடம்பெறுகின்றன.

முடிவுரை

நேர விதி, காட்டப்படும் பொருளை அளக்கிறது; அது கையாளப்படும் முறையை அளப்பதில்லை. வெறுப்பை நகைப்புக்குரியதாக்கும் படைப்பு விலக்கப்பட்டு, வெறுப்பையே சுவையாக்கும் படைப்பு ஏற்கப்படுவது இக்குறையால்தான். விதி விட்டுச்செல்லும் இவ்விடத்தை நிரப்புவது திறனாய்வின் கடமை. தமிழ்த்துறைகள் நெடுந்தொடர்களையும் ஆய்வுப்பொருளாகக் கொள்வதற்கு இதுவே போதிய காரணம் எனலாம்.