புட்டிகள் நெருங்கி நிற்கும் மேசை

ஓவியர் ஜியார்ஜியோ மொராந்தி என்றதுமே ‘துறவி’ என்ற சொல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. 1890இல் இத்தாலியின் போலோன்யா நகரில் பிறந்தார், 1964இல் அங்கேயே மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. மூன்று தங்கைகளோடு வாழ்ந்த வீட்டில் கட்டிலும் ஓவியச் சட்டமும் ஒரே அறையில். நாட்டை விட்டு வெளியே கால் வைத்ததே அறுபது வயதைத் தாண்டித்தான். அதே புட்டிகளையும் குவளைகளையும் தகர டப்பாக்களையும் வாழ்நாள் முழுக்க வரைந்தார். அமைதி, தியானம், மௌனம் என்று ரசிகர்கள் உருகுகிறார்கள். அந்த உருக்கம் படத்திலிருந்து வருகிறதா, கதையிலிருந்து வருகிறதா?

கதையில் ஓட்டைகள் உண்டு. 1928இல் ஒரு பாசிச இதழில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், அந்த இயக்கத்தின்மேல் தமக்குள்ள நம்பிக்கையைச் சொல்லியிருக்கிறார். 1930இல் போலோன்யா கலைக்கழகத்தில் செதுக்கோவியப் பேராசிரியர் ஆனார். அரசு ஆதரவில் நடந்த பெரிய கண்காட்சிகளிலெல்லாம் அவர் படங்கள் இருந்தன. 1943இல் பாசிச எதிர்ப்பாளர்களோடு பழகியதற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தார். வில்லனாகவும் தியாகியாகவும் அவரைக் காட்ட முடியாது. உலகம் தெரிந்த மனிதர், அவ்வளவுதான். கடைசிக் காலத்தில், நெடுநாள் நண்பரான விமர்சகர் பிரான்செஸ்கோ ஆர்காஞ்செலி தம்மைப் பற்றி எழுதிய நூலை ஏற்க மறுத்தார். தம் பிம்பத்தில் அவருக்கு அத்தனை கவனம்.

இனி படங்கள். எளிய பொருள்களை உள்ளபடி வரைந்தவர் என்பதும் பாதி உண்மையே. புட்டியின் பளபளப்பு மறைய உட்புறம் வண்ணம் பூசினார். தூசியைத் துடைக்க விடவில்லை. எது எங்கே நிற்க வேண்டும் என்று மேசைத் தாளில் கோடு போட்டு வைத்தார். தூரிகையைத் தொடும் முன்பே படம் பாதி முடிந்திருந்தது.

1950களின் எண்ணெய் ஓவியங்களைப் பாருங்கள். மேசையில் இடம் தாராளமாகக் கிடக்கிறது. பொருள்களோ நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒரே கட்டியாக நிற்கின்றன. முன்னால் நிற்கும் பெட்டியின் மேல்விளிம்பு பின்னால் நிற்கும் புட்டியின் தோளில் சரியாகப் போய் ஒட்டுகிறது. எது முன், எது பின் என்று கண் தடுமாறுகிறது. இரண்டு குவளைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடமே மூன்றாவது குவளையாகிவிடுகிறது. கடைசி நீர்வண்ணங்களில் நிழலைத்தான் தீட்டினார். புட்டி இருக்குமிடம் வெறும் தாள். இதற்கா அமைதி என்று பெயர்? பண்டிகைக் காலப் பேருந்தின் படிக்கட்டில் நிற்பவர்களின் இறுக்கம் இது.

இந்த இறுக்கத்தையே அளவுகோலாக வைத்தால் சிக்கல் ஒன்று வருகிறது. அவர் வரைந்த எண்ணெய் ஓவியங்கள் 1,300க்கு மேல். 1948 வெனிஸ், 1957 சாவோ பாலோ கலைக் கண்காட்சிப் பரிசுகளுக்குப் பிறகு வாங்குவோர் காத்துக் கிடந்தார்கள். ஒரு ஜாடியை இடம் மாற்றி வரைந்த வரிசைகளில் பலவற்றை நான் பயிற்சி ஏடாகவே எண்ணுகிறேன். பூங்கொத்துகளோ பெரும்பாலும் நண்பர்களுக்கான அன்பளிப்புகள்; அன்பு தெரிகிறது, தேடல் தெரியவில்லை. துறவிக் கதைக்கு மிகவும் பொருந்துபவை இந்தச் சாதுவான படங்கள்தாம். அவருடைய பலவீனமும் அங்கேதான்.

அவர் போற்றிய பிரெஞ்சு ஓவியர் சார்தானின் செம்புப் பானையில் சமையலறையின் சூடு இருக்கிறது. யாரோ இப்போதுதான் அதைக் கீழே வைத்திருக்கிறார்கள். மொராந்தியின் புட்டிகளில் எதையும் யாரும் ஊற்றியதில்லை. சார்தானுக்கு அடுத்த படியில்தான் அவரை வைப்பேன். ஆனால் கடைசிப் பத்தாண்டுகளின் ஐம்பது அறுபது படங்களும், வண்ணத்தின் துணையின்றிக் குறுக்குக் கோடுகளாலேயே வெளிச்சத்தை எழுப்பிய செதுக்கோவியங்களும் அந்தப் படியில் அசையாமல் நிற்கும்.

1960இல் வெளிவந்த, இயக்குநர் பெலினியின் ‘லா டோல்சே விட்டா’ திரைப்படத்தில், ஸ்டைனர் என்ற பண்பட்ட மனிதரின் வீட்டுச் சுவரில் ஒரு மொராந்தி தொங்குகிறது. விருந்தினர்கள் அதன் முன் நின்று வியக்கிறார்கள். அந்த ஸ்டைனர்தான் பிறகு தன் இரு பிள்ளைகளையும் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். மொராந்தியை மெச்சிய பலரைவிட, பெலினி அந்தப் புட்டிகளை உற்றுப் பார்த்திருக்கிறார்.