வடிவ ஒப்புமையும் வேர்த் தொடர்பும்: கோலார் தங்கவயல் வழக்கை முன்வைத்து

சொற்களின் வடிவம் ஒன்றாயிருத்தல் அவற்றின் பிறப்பும் ஒன்றே என்பதற்குச் சான்றாகாது. மொழிநூலின் தொடக்கப் பாடமான இது, பன்மொழிப் பகுதிகளைப் பற்றிய எழுத்துகளில் எளிதில் மறக்கப்படுகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவற்றோடு ஆங்கிலமும் நூறாண்டுக்கு மேலாக அருகருகே வழங்கிவரும் கோலார் தங்கவயல் இதனை ஆராய ஏற்ற களமாகும்.

தங்கவயலுக்குரிய கிளை இருப்புப்பாதை பிரியுமிடம் பங்காரப்பேட்டை. ‘பங்கார’ எனக் கன்னடத்திலும் ‘பங்காரம்’ எனத் தெலுங்கிலும் வழங்கும் சொல் பொன்னைக் குறிப்பதால், சுரங்கப் பொன்னே பெயர்க்காரணம் என்று கேட்டவுடன் தோன்றும். ஆயின் இவ்வூரின் முந்தைய பெயர் பௌரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூரின் ஆணையராயிருந்த பௌரிங்கின் பெயரால் அமைந்தது. அயற்பெயரின் ஒலிக்கு அணித்தான உள்நாட்டுச் சொல் அதன் இடத்தில் வந்தமர்ந்தது எனல் பொருந்தும்.

அதே பாதையில் ‘கோரமண்டல்’ என்றொரு நிலையமும் உண்டு. சோழமண்டலம் என்பதன் ஐரோப்பியத் திரிபு இது. கோலார்ப் பகுதியைச் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் நிகரிலிசோழ மண்டலம் என்றே குறிக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்து, ஆயிரமாண்டுத் தொடர்ச்சி கண்டதாக மகிழ்வது எளிது. அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. ஐரோப்பியர் வாயில் திரிந்த வடிவமே, இப்பெயர் கடற்கரையிலிருந்து ஆங்கில வழியாக இம்மேட்டுநிலத்துக்கு வந்ததைக் காட்டிவிடுகிறது. இப்பகுதியில் தமிழின் தொன்மைக்குக் கோலாரம்மன் கோயிற் கல்வெட்டுகளே போதிய சான்று, பொய்ச்சான்று வேண்டுவதில்லை.

இனமொழிகளுக்கிடையே இச்சிக்கல் இன்னும் நுண்ணியது. நடுக்காலக் கன்னடத்தில் ழகரம் மறைந்து ளகரத்தோடு கலந்ததால், தமிழில் வாழ், வாள் என வேறுபட்டு நிற்பவை அங்கே ‘பாளு’ என ஒருவடிவாயின. தமிழின் ஏழு, எழு இரண்டுக்கும் கன்னடத்தில் ‘ஏளு’ ஒன்றே. ‘மாவு’ என்பது தமிழர்க்கு அரிசியையோ கோதுமையையோ அரைத்துப் பெறுவது. மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற சீனிவாசபுரம் அடங்கிய அதே கோலார் மாவட்டத்தில், கன்னடர்க்கு அது மாமரமும் அதன் கனியும். தமிழின் ‘மா’ இவ்விரு பொருளும் தருவதால் இரண்டும் ஒரு வேரினவென்று கொள்வது பிழை.

‘செப்பு’ என்பதைத் தெலுங்கிலிருந்து வந்ததென்று ஒதுக்குவோர் உளர். விடை என்னும் பொருளில் அதனைத் தொல்காப்பியமே இலக்கணக் கலைச்சொல்லாக ஆள்வதை அவர் நோக்குவதில்லை. தெலுங்கில் செப்பு காலணியையும் குறிக்கும். தமிழ்ச் செருப்பின் இனம் அது. தமிழில் செம்பாகிய உலோகத்துக்கும் செப்பு என்பது பெயர். இவற்றை ஒரே தலைச்சொல்லின்கீழ் அடக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் எதுவாயினும் அது பட்டியலே, ஆய்வன்று.

பிறப்பு ஒன்றாகிப் பொருள் பிரிவதும் உண்டு. வடமொழியில் தக்க சமயத்தைக் குறித்த ‘அவசரம்’ தமிழிலும் கன்னடத்திலும் விரைவாயிற்று; தெலுங்கில் தேவையாயிற்று; மலையாளத்தில் வாய்ப்பாகவே நின்றது. தெலுங்குப் பாத்திரம் தனக்கு உதவி தேவை என்று அமைதியாகச் சொல்வதைத் தமிழில் பதற்றமாக்கிவிடும் மொழிபெயர்ப்பாளர், அகராதி பார்க்கத் தோன்றாததாலேயே தவறுகிறார். தெரியாத சொல்லினும் தெரிந்த வடிவமே ஏமாற்றுவது.

இவற்றினும் சிந்திக்கத் தக்கது ‘லைன்’. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு இதுவே பெயர். இலங்கை மலையகத்தில் இதே ஆங்கிலச் சொல் லயம், லயன் எனத் திரிந்தது. மலேசியத் தோட்டங்களிலும் அவ்வழக்குண்டு. ஆங்கிலச் சொல்லின் மூலம் ஆளிநூலைக் குறித்த இலத்தீன் சொல். இசையிற் பயிலும் ‘லயம்’, ஒன்றுதல், கரைதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினது. எழுத்தளவில் வேறுபாடில்லை. மலையகச் சிறுகதையொன்றை மொழிபெயர்ப்பவர் லயத்தில் தாளத்தைத் தேடினால், ஒரு தொழிலாளர் தலைமுறையின் இருப்பிடமே மறைந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ஒருவடிவச் சொற்களை எண்ணிட்டுப் பிரித்தது. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருந்திய பதிப்பு 1984) இனச்சொற்களைத் தொகுத்தது. தொடர்பு மண்டலத் தமிழுக்கு இவை போதா. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குக்கு இடமளித்தது. தங்கவயல் வழக்கும் அவ்வாறு பிறப்புக் குறிப்போடு தொகுக்கப்படல் வேண்டும். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நிலத்தடியில் உழைத்தோர் இன்று முதியோர். களப்பணியை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.